கோப்பை வாங்கிய சேவல் வேறு, அந்தச் சேவலை ஈன்ற கோழி வேறு

கருப்பும் வெள்ளையுமாகக் கோடு ஓடும் பட்டை இறகு பிளிமத் ராக் கோழி இனத்தில், ஒரு கண்காட்சியில் முதல் பரிசு வாங்கிய சேவலையும், அதே கண்காட்சியில் முதல் பரிசு வாங்கிய பெட்டையையும் ஜோடி சேர்த்தால் எப்படிப்பட்ட குஞ்சு வரும்? பரிசுக் குஞ்சுதான் வரும் என்று புதிதாக வளர்க்க வருகிறவர் நினைப்பார். பணத்தைக் கொட்டி இரண்டையும் வாங்கியும் விடுவார். குஞ்சுகள் வளர்ந்து இறகு கட்டி நிற்கும்போது பார்த்தால், சேவல்கள் வெளிறிப் போயிருக்கும், பெட்டைகள் இருண்டு போயிருக்கும். கண்காட்சிக்குக் கொண்டுபோக ஒன்றுகூடத் தேறாது. விற்றவர் ஏமாற்றிவிட்டார் என்று தோன்றும். பெரும்பாலும் அவர் ஏமாற்றியிருக்க மாட்டார். அந்தச் சேவலும் பெட்டையும் இரண்டு வேறு குடும்பங்களிலிருந்து வந்தவை, அவ்வளவுதான்.

காரணம் பட்டையைப் போடும் மரபணு இருக்கும் இடத்தில் இருக்கிறது. அது பாலினத்தை நிர்ணயிக்கும் இசட் குரோமோசோமில் உட்கார்ந்திருக்கிறது. கோழியில் ஆணுக்கு இரண்டு இசட், பெட்டைக்கு ஒன்றே ஒன்று. இறகு வளரும்போது கருப்பு நிறமி ஊறுவதை விட்டுவிட்டு நிறுத்துவது இந்த மரபணுவின் வேலை. நின்ற இடம் வெள்ளைக் கோடு, ஊறிய இடம் கருப்புக் கோடு. சேவலுக்கு இது இரண்டு பங்கு கிடைப்பதால் வெள்ளைக் கோடு அகலமாகிறது. ஒரே தாய் தகப்பனுக்குப் பிறந்த அண்ணன் தங்கையில் அண்ணன் எப்போதும் ஒரு படி வெளுப்பாக இருப்பது இதனால்தான். இயற்கை அப்படித்தான் வைத்திருக்கிறது. ஆனால் காட்சிக் கூண்டில் சேவலும் பெட்டையும் ஒரே அழுத்தத்தில், ஒரே அகலக் கோட்டோடு நிற்க வேண்டும் என்று வளர்ப்போர் ஆசைப்பட்டார்கள். ஆசையை நிறைவேற்ற ஒரு வழியும் கண்டுபிடித்தார்கள்.

ஒரு மந்தைக்குப் பதில் இரண்டு மந்தை. முதல் மந்தையில் எல்லாவற்றையும் கருமைப் பக்கமாகவே தேர்ந்தெடுத்துக்கொண்டு போவார்கள். அங்கே சேவல்கள் சரியான அழுத்தத்துக்கு வந்துவிடும். கூடப் பிறந்த பெட்டைகள் கோடு தெரியாத அளவுக்கு இருண்டிருக்கும். இரண்டாவது மந்தையை வெளுப்புப் பக்கமாகக் கொண்டு போவார்கள். அங்கே பெட்டைகள் அச்சில் வார்த்ததுபோல் வரும். சேவல்கள் சாயம் போன துணி மாதிரி இருக்கும். இதற்கு இரட்டை இணைசேர்க்கை என்று பெயர். கோப்பை வாங்கிய சேவலின் தாய், யாரும் திரும்பிப் பார்க்காத ஒரு கரிய பெட்டை. கொட்டகையின் பின்பக்கத்தில்தான் அது வாழ்நாளைக் கழிக்கும். வளர்ப்பவருக்கோ அந்தக் கோப்பையைவிட அந்தப் பெட்டை முக்கியம்.

கண்காட்சிக் கோழி வளர்ப்பைப் புரிந்துகொள்ள இந்தக் கரிய பெட்டையை மனதில் வைத்துக்கொண்டாலே பாதி வேலை முடிந்தது. நடுவர் பார்ப்பது கூண்டில் அன்றைக்கு நிற்கும் ஒரு பறவையை. வளர்ப்பவர் பார்க்க வேண்டியது அந்தப் பறவை எதைச் சுமந்துகொண்டிருக்கிறது என்பதை. இந்த இரண்டும் பல நேரங்களில் ஒத்துப்போவதில்லை.

இந்தப் பழக்கம் எங்கே தொடங்கியது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பிரிட்டனில் 1835இல் சேவல் சண்டை சட்டத்தால் தடுக்கப்பட்டது. 1845இல் லண்டன் விலங்கியல் தோட்டத்தில் கோழிகளுக்கென்று ஒரு கண்காட்சி நடந்தது. சீனத்திலிருந்து வந்த பெரிய, கால்வரை இறகு மூடிய கோழிகள் மக்களைக் கிறுகிறுக்க வைத்த காலம் அது. கண்காட்சி என்று வந்துவிட்டால் தகராறும் வரும். எது நல்ல கோழி என்று எழுதிவைத்தால்தான் தீர்ப்புச் சொல்ல முடியும். 1865இல் பிரிட்டனில் முதல் தரநூல் வந்தது. அதைத் தொகுத்தவர் டெகட்மையர்; டார்வினுக்குக் கோழிகளைப் பற்றியும் புறாக்களைப் பற்றியும் தகவல் கொடுத்து உதவியவரும் அவர்தான். அமெரிக்கக் கோழி வளர்ப்போர் சங்கம் 1873இல் பஃபலோ நகரில் தொடங்கி, அடுத்த ஆண்டே தன் தரநூலை வெளியிட்டது. இன்றும் திருத்தித் திருத்தி அதைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

தரநூலைப் புரட்டினால் ஒவ்வொரு இனத்துக்கும் கொண்டையிலிருந்து கால் விரல்வரை விவரம் இருக்கும், மொத்தம் 100 மதிப்பெண்ணைப் பகிர்ந்து போட்டிருப்பார்கள். அந்தக் காலத்தில் நடுவர்கள் அட்டையில் குறைக்குக் குறை மதிப்பெண் கழித்துக்கொண்டு போவார்கள். இப்போது பெரும்பாலும் பறவைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டே தீர்ப்பு. ஒரு வயதைத் தாண்டிய சேவல், தாண்டிய பெட்டை, இளஞ்சேவல், இளம் பெட்டையான விடைக்கோழி என்று நான்கு வகுப்பு. அதில் ஜெயித்தது வகையில் சிறந்ததற்குப் போட்டியிடும், அப்புறம் இனத்தில் சிறந்ததற்கு, அப்படியே மேலே மேலே.

உருவம் இனத்தைச் சொல்லும், நிறம் வகையைச் சொல்லும் என்று கோழிக்காரர்களிடம் ஒரு பேச்சு உண்டு. வெள்ளை லெக்ஹார்னையும் வெள்ளை வயண்டாட்டையும் இருட்டில் நிழலாகப் பார்த்தாலும் அடையாளம் தெரிய வேண்டும். ஒன்று ஒடிசலாக, நீண்ட முதுகும் தணிந்த வாலுமாக இருக்கும். மற்றது வளைவு வளைவாக, உருண்டையாக இருக்கும். அந்த நிழல் சரியில்லாத கோழிக்கு எவ்வளவு அழகான நிறம் இருந்தும் பயனில்லை. இது எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் குஞ்சு பொறுக்கும் நேரத்தில் நிறத்திடம்தான் தோற்றுப்போகிறோம். நிறம் பத்தடி தூரத்திலேயே கண்ணில் அறையும். முதுகின் அகலத்தைக் கையில் தூக்கிப் பார்த்தால்தான் தெரியும்.

நல்ல நடுவரின் கையைக் கவனித்தால் இது விளங்கும். அவர் கூண்டைத் திறந்ததும் பறவையைப் பிடிப்பதில்லை. கொஞ்சம் தள்ளி நின்று, அது தானாக எப்படி நிற்கிறது என்று பார்ப்பார். வால் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறதா, தலைப் பக்கம் மடிந்து அணில் வால்போல் நிற்கிறதா என்பதெல்லாம் அப்போதே தெரிந்துவிடும். பிறகு தலை முன்னால் வரும்படி வெளியே எடுப்பார். பின்பக்கமாக இழுத்தால் இறகு கம்பியில் மாட்டி ஒடியும். நெஞ்சு உள்ளங்கையில் படியும்படி, கால்கள் விரல்களுக்கிடையில் வரும்படி ஏந்திக்கொள்வார். நெஞ்செலும்பு நேராக ஓடுகிறதா, எவ்வளவு சதை பிடித்திருக்கிறது என்று அந்தக் கை தானாகவே சொல்லும். இன்னொரு கை இறக்கையை விசிறிபோல் விரிக்கும். வெளி இறகுகளுக்கும் உள் இறகுகளுக்கும் நடுவில் குட்டையாக ஒரு அச்சு இறகு இருக்க வேண்டும். அது இல்லாமல் இடைவெளி தெரிந்தால் பிளந்த இறக்கை, பெரிய குறை. கொண்டையின் பக்கவாட்டில் சின்ன முளை ஏதாவது கிளம்பியிருக்கிறதா, வழுவழுப்பான கால் இருக்க வேண்டிய இனத்தில் விரல் இடுக்கில் ஒரு துளி பஞ்சு தெரிகிறதா என்று பார்ப்பார். இவை பலவற்றுக்கும் தகுதி நீக்கம்தான். அப்புறம் முதுகு இறகை வாயால் ஊதி விலக்கி, அடிப்பஞ்சின் நிறத்தைப் பார்ப்பார். ஆசனவாயைச் சுற்றிப் பேன் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுவார். எல்லாம் சேர்த்து ஒரு நிமிடம்கூட ஆகாது.

அடிப்பஞ்சை ஊதிப் பார்ப்பது சும்மா சடங்குக்கு இல்லை. பட்டைக் கோழியின் ஒரு இறகைப் பிடுங்கி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். நல்ல இறகில் கோடுகள் நேராக, ஒடுங்கலாக, நுனியிலிருந்து அடிப்பஞ்சுவரை ஓடும். நுனி கருப்பில் முடியும். சுமாரான இறகில் கோடுகள் அம்புத் தலைபோல் வளைந்து, பாதியிலேயே சாம்பலாகக் கரைந்துவிடும். இதில் சுவாரசியமான விஷயம், இறகு மெதுவாக வளர்ந்தால்தான் கோடு நெருக்கமாக விழும். அதனால் கண்காட்சிப் பட்டைக் கோழிகளில் இறகு தாமதமாக முளைக்கும் மரபணுவை விடாமல் வைத்திருக்கிறார்கள். அந்தக் குஞ்சுகள் சில வாரங்கள் அரைகுறை இறகோடு பார்க்கவே பாவமாக இருக்கும். சீக்கிரம் இறகு கட்டிய குஞ்சுதான் நல்ல குஞ்சு என்று பொறுக்கி வைத்தால், நல்ல கோட்டை நாமே கழித்துவிட்டோம் என்று அர்த்தம்.

நீல நிறத்தில் இந்தக் கணக்கு இன்னும் வெளிச்சமாகத் தெரியும். ஆண்டலூசியன் கோழியின் நீலம், கருப்பை ஒரு பங்கு நீர்த்துப்போகச் செய்யும் மரபணுவால் வருவது. அது ஒற்றையாக இருந்தால் நீலம். இரட்டையானால் வெள்ளையில் ஆங்காங்கே சாம்பல் தெளித்ததுபோன்ற பறவை. இல்லாவிட்டால் கருப்பு. ஆகவே நீலத்தோடு நீலத்தைச் சேர்த்தால் சராசரியாக நான்கில் ஒன்று கருப்பு, இரண்டு நீலம், ஒன்று தெளிப்பு. பத்துத் தலைமுறை சேர்த்தாலும் இது மாறாது. எங்கேயோ கலப்பு நடந்துவிட்டது என்று அந்தக் கால வளர்ப்போர் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேய மரபியலாளர்கள் பேட்சனும் பன்னெட்டும் மெண்டலின் விதியைக் கோழியில் பொருத்திப் பார்த்த பிறகுதான் விடை கிடைத்தது. வேடிக்கை என்னவென்றால், எல்லாக் குஞ்சும் நீலமாக வேண்டுமானால் கருப்பையும் தெளிப்பையும் சேர்க்க வேண்டும். நீல வகுப்பில் நிற்கக்கூட முடியாத இரண்டு பறவைகள்!

வெள்ளி நிறத்தில் ஏமாற்றுவது சேவல். வெள்ளிக்கும் பொன்னுக்குமான மரபணுவும் இசட் குரோமோசோமில்தான் இருக்கிறது. வெள்ளி ஓங்கியது, அதாவது இரண்டும் சேர்ந்திருந்தால் வெள்ளிதான் வெளியே தெரியும். பெட்டைக்கு ஒரே ஒரு இசட் என்பதால் அது எதையும் ஒளிக்க முடியாது, வெள்ளி என்றால் வெள்ளி, பொன் என்றால் பொன். சேவலோ ஒரு பக்கம் வெள்ளியும் மறுபக்கம் பொன்னுமாக வைத்துக்கொண்டு வெள்ளிபோலவே நிற்கும். அதன் பெட்டைக் குஞ்சுகளில் பாதி பொன்னாக வரும்போதுதான் குட்டு உடையும். கண்ணுக்குப் பழக்கம் இருந்தால் முன்னாடியே பிடிக்கலாம்: தோளிலும் கழுத்திலும் வைக்கோல் நிறத்தில் ஒரு மங்கல் அநேகமாக ஓடும். வெயிலால் வந்த மஞ்சள் என்று அதைத் தள்ளிவிடுகிறவர்கள் உண்டு. வெயிலாலும் வரும்தான். அதனால்தான் நிழலிலேயே வளர்ந்த ஒரு கூடப்பிறந்த சேவலையும் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

என்னைக் கேட்டால், கோழி இறகில் மிக அழகான வேலைப்பாடு கரை இறகுதான். புடவைக்குக் கரை போட்டதுபோல் ஒவ்வொரு இறகுக்கும் சுற்றிலும் கருப்பு விளிம்பு, நடுவில் சுத்தமான வெள்ளியோ பொன்னோ. இது ஒரு மரபணுவின் வேலை இல்லை. வரிவடிவத்தைத் தருவது ஒன்று, கருப்பைக் கூட்டுவது ஒன்று, கருப்பை உடலின் நடுப்பகுதியிலிருந்து ஒதுக்குவது ஒன்று என்று குறைந்தது மூன்று மரபணுக்கள் ஒன்றுகூட வேண்டும். ஒன்று விலகினாலும் கரை குதிரை லாடம்போல் பாதி வட்டமாகும், அல்லது நடுவில் கரும்புள்ளி தூவும். செப்ரைட் என்ற சின்ன இனத்தில் சேவலுக்கும் உடம்பெல்லாம் இந்தக் கரை உண்டு. மற்ற இனங்களில் சேவலின் கழுத்து, இடுப்பு இறகுகள் நீண்டு கூர்மையாகிவிடுவதால் அங்கே கரை ஒழுங்காக விழாது. செப்ரைட் சேவலுக்குத் தோலில் ஆண் ஹார்மோன் பெண் ஹார்மோனாக மாற்றப்படுவதால், இறகு பெட்டைக்கு இருப்பதுபோல் வட்டமாகவே முளைக்கிறது. வாலில் அரிவாள் இறகு கிடையாது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மரபணு என்ற சொல்லே இல்லாத காலத்தில் சர் ஜான் செப்ரைட் இதை வடித்தெடுத்தார் என்பது எனக்கு இன்றும் வியப்பு.

ஒற்றை நிறங்கள் எளிது என்று நினைக்க வேண்டாம். கருப்புக் கோழிக்குக் கருப்பு மட்டும் போதாது, பொன்வண்டின் முதுகில் ஓடுவதுபோன்ற பச்சை மினுக்கம் வேண்டும். அந்தப் பச்சை ஒரு சாயம் கிடையாது. இறகின் நுண்ணிழைகளில் நிறமித் துகள்கள் அடுக்கப்பட்டிருக்கும் விதத்தில் ஒளி பட்டுத் திரும்புவதால் வருவது. அடுக்கு கொஞ்சம் மாறினால் ஊதா அடிக்கும், அது குறை. பொன்மஞ்சள் நிறக் கோழி வெயிலில் வெளுக்கும். பழைய இறகும் புது இறகும் ஒட்டுப்போட்டதுபோல் தெரியும். வெள்ளைக் கோழிக்கு மஞ்சள் மக்காச்சோளத்தை அள்ளிப் போட்டால் இறகில் பித்தளை நிறம் ஏறும். ஆனால் மஞ்சள் கால் வேண்டிய இனத்துக்கு அதே சோளத்தின் நிறமிதான் காலுக்கும் போக வேண்டும். இந்த மஞ்சள் தோலைப் பற்றி ஒரு செய்தி: வீட்டுக் கோழியின் மூதாதை செங்காட்டுக்கோழிதான் என்றாலும், மஞ்சள் தோல் சாம்பல் காட்டுக்கோழியிலிருந்து வந்தது என்று 2008இல் மரபணு ஆய்வில் தெரியவந்தது. முட்டையிடும் பெட்டையின் உடம்பில் இந்த மஞ்சள் படிப்படியாக வடிந்து முட்டையின் மஞ்சள் கருவுக்குப் போய்விடும். முதலில் ஆசனவாய், பிறகு கண் வளையம், அலகு, கடைசியில் கால். வெளிறிய காலோடு நிற்கும் பெட்டையைக் கண்டதும் குறை எழுதும் நடுவர் அவசரப்படுகிறார். அது நன்றாக முட்டையிட்ட பெட்டை.

மறுபடி கொட்டகைப் பின்பக்கத்துக்கு வருவோம். வயண்டாட் இனத்துக்கு ரோஜாக் கொண்டை வேண்டும். தட்டையாக, மணிமணியாக, தலையோடு படிந்த கொண்டை. வெள்ளிக் கரை வயண்டாட் அமெரிக்கத் தரநூலில் ஏறியது 1883இல். இத்தனை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்தும் இன்றைக்கும் ரம்பம்போன்ற ஒற்றைக் கொண்டைக் குஞ்சு அவ்வப்போது பிறக்கிறது. ஓங்கிய மரபணுவை இவ்வளவு காலம் தேர்ந்தெடுத்தால் அது நிலைத்திருக்க வேண்டாமா? 2012இல் வெளியான மரபணு ஆய்வு காரணத்தை விளக்கியது. ரோஜாக் கொண்டை மரபணு இரட்டையாக உள்ள சேவலின் விந்தணுக்கள் சரியாக நீந்துவதில்லை. ஒற்றையாக வைத்திருக்கும் சேவல் அதை முந்திவிடுகிறது. அதனால் ஒற்றைக் கொண்டை மரபணு மந்தையைவிட்டுப் போவதே இல்லை. அனுபவம் உள்ளவர்கள் இதை ஆய்வு வருவதற்கு முன்பே கையால் கண்டிருந்தார்கள். முட்டைகள் கருப்பிடிக்காமல் போகும்போது ஒற்றைக் கொண்டைக் குஞ்சு ஒன்றை மந்தையில் விடுவார்கள். கண்காட்சியில் உடனே தகுதி நீக்கம் ஆகும் அந்தப் பறவைதான் கொட்டகையில் குடும்பத்தைக் காப்பாற்றும்.

ஜப்பான் பாண்டம் இனத்தின் குட்டைக் கால் இன்னும் கடுமையான கணக்கு. குட்டைக்கால் மரபணு இரட்டையானால் குஞ்சு முட்டைக்குள்ளேயே செத்துவிடும். குட்டையோடு குட்டையைச் சேர்த்தால் நான்கில் ஒரு பங்கு போச்சு. கொஞ்சம் நீண்ட கால் வைத்த துணையோடு சேர்த்தால் ஒன்றும் சாகாது, பாதிக் குஞ்சுகள் குட்டைக் காலோடு வரும். பொரிந்து வரும் குஞ்சுகளில் குட்டையின் விகிதம் கூடுகிறது என்பதற்காக, சாவு நிச்சயம் என்று தெரிந்தே குட்டையோடு குட்டையைச் சேர்ப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. சுருள் இறகுக் கோழியிலும் இப்படித்தான்: சுருளைச் சுருளோடு சேர்த்தால் ஒரு பங்கு குஞ்சுகளுக்கு இறகு நொறுங்கி உதிர்ந்து தோல் வெளியே தெரியும். நேர் இறகுப் பறவையோடு சேர்த்தால் அந்தத் தொல்லை இல்லை. தரநூல் இதையெல்லாம் சொல்லாது. தரநூலுக்குக் கூண்டில் நிற்பது மட்டும்தான் கணக்கு. ஆர்ப்பிங்டனை வில்லியம் குக் 1886இல் முட்டைக்கும் இறைச்சிக்குமாக உருவாக்கினார். பிறகு காட்சிக்கு வளர்த்தவர்கள் இறகைக் கூட்டிக்கொண்டே போனார்கள், முட்டை குறைந்தது. நடுவர் கொடுக்கும் பரிசு எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் இனமே சாயும்.

சரி, உள்ளே இருப்பதை எப்படித்தான் கண்டுபிடிப்பது? கணக்கு எழுதித்தான். குஞ்சு பொரிந்த அன்றே கால் விரல்களுக்கு நடுவில் உள்ள மெல்லிய தோலில் சின்னதாகத் துளை போடுவார்கள். ஒரு காலுக்கு இரண்டு இடம், இரண்டு காலுக்கு நான்கு. துளை உண்டு, இல்லை என்று மாற்றி மாற்றி வைத்தால் 16 அடையாளம் கிடைக்கும். 16 ஜோடிகளின் குஞ்சுகளை ஒரே கொட்டகையில் கலந்து வளர்த்தாலும், பெரிதானபின் காலைத் தூக்கிப் பார்த்தால் எந்தத் தாயின் பிள்ளை என்று தெரிந்துவிடும். 19ஆம் நூற்றாண்டு அமெரிக்க நடுவர் ஃபெல்ச் வரைந்து கொடுத்த இணைசேர்க்கை வரைபடத்தை இன்றும் பின்பற்றுகிறவர்கள் உண்டு: நல்ல விடைக்கோழிகளைத் தகப்பனோடும், நல்ல இளஞ்சேவலைத் தாயோடும் சேர்த்து, ஒரு ஜோடியிலிருந்தே இரண்டு தனி வரிசைகளை வளர்ப்பது. நெருங்கிய ரத்தம் நல்லதையும் நிலைநிறுத்தும், கெட்டதையும் நிலைநிறுத்தும். பொரிப்பு குறைகிறதா, குஞ்சு சோம்பிக் கிடக்கிறதா என்று ஒவ்வோர் அடையிலும் எண்ணி எழுதாதவர் இந்த வழிக்குப் போகக் கூடாது. கழிப்பதிலும் வரிசை உண்டு. முதலில் துடிப்பில்லாதது, அப்புறம் உருவம் தப்பியது, கடைசியில்தான் நிறம். குஞ்சு இறகு உதிர்ந்து பெரிய இறகு வருவதற்கு முன்னால் நிறத்தைப் பற்றிப் பேசுவதே வீண்.

எனவே ஜோடி வாங்கப் போகும்போது கூண்டில் மாட்டிய ரிப்பனைப் பார்த்துவிட்டுக் கொட்டகைக்கும் போங்கள். சேவலின் தாயையும், கூடப் பிறந்த பெட்டைகளையும் காட்டச் சொல்லுங்கள். பட்டைக் கோழி என்றால் இது சேவல் வரிசையா, பெட்டை வரிசையா என்று கேளுங்கள். நல்ல வளர்ப்பாளர் அந்தக் கேள்வியைக் கேட்டதுமே முகம் மலர்ந்து, நேராகக் கடைசி அறைக்குக் கூட்டிப்போய், கோடே தெரியாத அந்தக் கரிய பெட்டையைத் தூக்கி உங்கள் கையில் கொடுப்பார். விலை கேட்டால் அதை விற்க மாட்டார்.